காலிக் கல்வெட்டு கூறுவதும் கூறாததும்

இலங்கையின் காலி நகரில் 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டொன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. மிங் பேரரசர் யோங்லேயின் பெயரால் 1409ஆம் ஆண்டுத் தேதியுடன் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் பொறிக்கப்பட்ட அதனை நிறுவச் செய்தவர், யுன்னானில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கடற்படைத் தளபதி செங் ஹே ஆவார்.

சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரையும் போற்ற, பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பெயரால் அமைந்துள்ளது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என அவை குறிக்கும் காணிக்கைகளும் ஏறத்தாழ ஒத்தவையே. சமயங்களை நிகராக மதித்த இப்பண்பு நம்மை மகிழ்விக்கிறது. எனினும் சிங்களம் அதில் இடம்பெறவில்லை. கடல் வணிகத்தில் வழங்கிய மொழிகளையே சீன அரசு தேர்ந்திருக்கிறது எனக் கருதலாம்.

அதே கடற்படைதான் இலங்கையின் அழகக்கோனாரைப் போரில் சிறைப்பிடித்து, 1411இல் பேரரசர் முன் நிறுத்தியது. பின்னர் அவர் விடுவிக்கப்பட்டார். இச்செய்தியைக் கல்வெட்டு கூறாது. மிங் ஆவணங்கள் கூறுகின்றன.

செங் ஹேயை நம்மவரெனப் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆயினும் அவர் வந்தது மார்க்கத் தூதராக அன்று. பேரரசின் ஆணையை நிறைவேற்றும் அதிகாரியாகவே. காணிக்கையையும் படைவலிமையையும் ஒருசேர நோக்கும்போதுதான் அவரை நாம் நேர்மையாக அறிந்தவர்களாவோம்.