திரையில் ஓடும் எலெக்ட்ரான்கள்

வயலினைக் கேட்டிராதவர் நம்மில் அரியர். அதன் ஒலி எங்கிருந்து எழுகிறது? கம்பியிலிருந்து என்போம். ஆனால் மெல்லிய கம்பி சிறிதளவு காற்றையே அசைக்கவல்லது. அதன் அதிர்வு குதிரை வழியாகவும், உள்ளே நிறுத்தப்பட்டுள்ள சிறு கட்டை வழியாகவும் மரப்பெட்டிக்குச் செல்கிறது. நாம் கேட்கும் ஒலியில் பெரும்பகுதியை எழுப்புவது அந்த மரமே.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் வீமன் இதனை வயலினைக் காட்டியே வகுப்பில் விளக்கினார். கால் மணி நேரம் கழித்து, ஒலி எங்கிருந்து வருகிறது என்று வினவினார். சரியாக விடையளித்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்தாம்! ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இது அத்தனை வியப்பளிக்காது. வேதனை வேண்டுமானால் அளிக்கலாம்.

வீமன் சாமானியர் அல்லர். 1995-இல் எரிக் கார்னெலுடன் சேர்ந்து, ருபீடிய அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில் குளிர்வித்து, போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளை உருவாக்கியவர். அதற்காக 2001-இல் நோபல் பரிசு பெற்றார். இந்த ஆய்வைப் பற்றிப் பல ஊர்களில் உரையாற்றியபோது அவர் ஒன்றைக் கவனித்தார். உரையைக் கேட்டவர்களின் நினைவில் நின்றவை அவருடைய சொற்கள் அல்ல. திரையில் அவர் இயக்கிக் காட்டிய கணிப்பொறிப் படங்களே. 2002-இல், பரிசுப் பணத்தில் ஒரு பகுதியையும் பிற நன்கொடைகளையும் கொண்டு ‘ஃபெட்’ என்னும் இணையதளத் திட்டத்தைத் தொடங்கினார். மாணவர் தாமே மாற்றியமைத்துப் பார்க்கத்தக்க இயங்கு மாதிரிகளை இலவசமாக வழங்குவதே அதன் நோக்கம்.

மாதிரிகளை வடிவமைத்த முறைதான் இவ்வரலாற்றில் முக்கியமானது. ஒரு மாணவரைத் திரைமுன் அமர்த்தி, மனத்தில் தோன்றுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, குழுவினர் அருகிலிருந்து கவனித்தனர். வல்லுநர்களுக்குத் தெளிவாக இருந்தது மாணவர்களைக் குழப்பியது. அழகுக்காகச் சேர்த்த ஒன்றை அவர்கள் பெரிய இயற்பியல் உண்மையாக எடுத்துக்கொண்டனர். விரிவான செய்முறைக் குறிப்பு கொடுத்தாலோ, குறிப்பைப் பின்பற்றினார்களே தவிர, தாமாக எதையும் ஆராயவில்லை. ஆகவே படங்கள் மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டன.

மின்சுற்றை எடுத்துக்கொள்வோம். மின்னோட்டத்தை மின்விளக்கு ‘தின்றுவிடுகிறது’ என்றே பல மாணவர்கள் எண்ணுகின்றனர். மெய்யான கம்பியில் எலெக்ட்ரான்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிவது மேலுறையின் நிறம். சிவப்புக் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் வேறுபாடு உண்டோ என்று மாணவர் மயங்குவர். ஃபெட் மாதிரியிலோ எலெக்ட்ரான்கள் நீலக் குண்டுகளாக நகர்கின்றன. ஒற்றைத் தொடர்சுற்றில் விளக்கின் முன்னும் பின்னும் ஒரே வேகம். குறுக்குச் சுற்று ஏற்பட்டால் திரையில் தீப்பற்றும். செலவோ, ஆபத்தோ இல்லை.

2005-இல் நோவா ஃபிங்கல்ஸ்டைன் குழுவினர் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டனர். மாணவர்களில் ஒரு பிரிவினர் மெய்க்கருவிகளுடனும், மற்றொரு பிரிவினர் திரை மாதிரியுடனும் பயின்றனர். பின்னர் கருத்து வினாக்களில் திரைப் பிரிவினரே முந்தினர். மெய்யான மின்சுற்றை அமைத்து விளக்குவதிலும் அவர்களே சிறந்தனர்!

இதைச் சான்றாகக் காட்டி, ஆய்வுக்கூடமே வேண்டாம் என்று செலவைக் குறைக்க எவரேனும் முற்பட்டால் அதனை நான் ஏற்கமாட்டேன். தளர்ந்த இணைப்பை விரலால் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம் திரையில் வராது. அங்கே எந்த இணைப்பும் தானாகத் தளர்வதில்லை.

இத்திட்டத்திற்கு வேறொரு சோதனையும் வந்தது. தொடக்க கால மாதிரிகள் ஜாவா, ஃபிளாஷ் ஆகிய மென்பொருள்களை நம்பியிருந்தன. இணைய உலாவிகள் ஜாவாவை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் நின்றது. பல்லாண்டு உழைப்பு வீணாகாதிருக்க, குழுவினர் மாதிரிகளைப் புதிய எச்.டி.எம்.எல்.5 முறையில் ஒவ்வொன்றாக மறுபடி எழுத நேர்ந்தது. அவற்றுள் தமிழில் பெயர்க்கப்பட்டவையும் உண்டு. ஒரு முறை இறக்கிக்கொண்டால், இணைய இணைப்பு இல்லாத வகுப்பறையிலும் அவை இயங்கும்.