ரேடியோ காலர் வந்த வழி: லாங்கு முதல் பாலக்கோடு வரை

2023 பிப்ரவரி 5 அன்று தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பகுதியில், விளைநிலங்களில் சுற்றிவந்த மக்னா (தந்தமில்லாத ஆண்) யானை ஒன்றை வனத்துறை மயக்க ஊசி செலுத்திப் பிடித்தது. கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வரகளியாற்றுக் காட்டில் விட்டார்கள். யானை அங்கே தங்கவில்லை. பொள்ளாச்சி, மதுக்கரை வழியாக நடந்து கோவை மாநகருக்குள் நுழைந்தது. பிப்ரவரி 23 அன்று பேரூர் அருகே மறுபடியும் பிடிபட்டது. காலர் எதற்காக உருவான கருவி, நம்மிடம் அது எப்படிப் பயன்படுகிறது என்ற கேள்விக்கு இந்தப் பதினெட்டு நாட்களே போதிய சான்று.

தொடக்கத்தில் அது ஓர் ஆய்வுக் கருவி. 1982-இல் ரோட்னி ஜாக்சன் மேற்கு நேபாளத்தின் லாங்கு பள்ளத்தாக்கில் பனிச்சிறுத்தைகளுக்குக் காலர் மாட்டத் தொடங்கினார். நான்கு ஆண்டுகளில் ஐந்து விலங்குகள். காலரிலிருந்து வரும் ரேடியோ துடிப்பைக் கையில் ஆன்டெனாவுடன் இரண்டு மூன்று இடங்களில் நின்று கேட்டு, திசைக்கோடுகள் வெட்டும் புள்ளியைக் குறிக்க வேண்டும். பாறைச் சுவர்கள் ரேடியோ அலையை மறைக்கும், திருப்பியும் அனுப்பும். விலங்கு மலைமுகட்டைத் தாண்டிவிட்டால் ஒன்றுமே கேட்காது. இப்படிக் கிடைத்த வாழ்பரப்பு 12 முதல் 39 சதுர கிலோமீட்டர்.

ஜிபிஎஸ் காலர் அந்தக் கணக்கை மாற்றியது. செயற்கைக்கோள் வழியே இருப்பிடத்தைக் காலர் தானே பதிந்து அனுப்பியதால் ஆளின் காதுக்கு எட்டாத மலைகளும் கணக்கில் வந்தன. மங்கோலியாவின் தோஸ்ட் மலைகளில் 2008 முதல் நடந்த ஆய்வு, ஓர் ஆண் பனிச்சிறுத்தைக்கு ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர் தேவை என்று காட்டியது. ஆசியாவில் அவ்விலங்கு வாழும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 40 விழுக்காடு, ஒரே ஓர் ஆணுக்குக்கூடப் போதாதவை என்பதும் 2016-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. அதே ஆண்டு தோஸ்ட் இயற்கைக் காப்பகமானது. அங்கே விலங்கு நடந்து காட்டிய இடத்துக்குப் பாதுகாப்பு வந்து சேர்ந்தது.

தமிழகத்திலும் தொடக்கம் நன்றாகவே இருந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் அஜய் தேசாயும் உடன் பணியாற்றியவர்களும் முதுமலை யானைகளுக்குக் காலர் மாட்டி, ஒரு கூட்டத்தின் வாழ்பரப்பு ஒரு சரணாலயத்துக்குள் அடங்குவதில்லை என்று நிறுவினார்கள். யானை வழித்தடம் பற்றிய இன்றைய பேச்சுக்கு அது அடித்தளம். பின்னர் வந்த காலர்களில் பல, இடம்பெயர்த்து விடப்பட்ட ஆண் யானைகள் மீதான காவலுக்கே பயன்பட்டன. 2019 ஜனவரியில் கோவைத் தடாகத்தில் பிடித்த சின்னத்தம்பியையும் காலருடன் இதே வரகளியாற்றில்தான் விட்டார்கள். அதுவும் வெளியேறி, உடுமலைப் பக்கம் கரும்புக் காடுகளில் திரிந்து, பிப்ரவரி 15-இல் பிடிபட்டு, காட்டு யானைகளைப் பிடிக்க உதவும் கும்கியானது. நான்கு ஆண்டு கழித்துப் பாலக்கோட்டு மக்னாவைப் பிடிக்கக் கொண்டுவரப்பட்டதும் அந்தச் சின்னத்தம்பியே. இதை எழுதும்போது மனம் கனக்கிறது. முதல் யானை சொன்ன பாடத்தை நாம் கேட்டிருந்தால் இரண்டாவது யானையை அதே காட்டில் விட்டிருக்க மாட்டோம்.

தருமபுரி யானைகளின் நடை புதிதன்று. 1980-களில் ஓசூர், தருமபுரிக் காடுகளிலிருந்து புறப்பட்ட கூட்டங்கள் ஆந்திரத்தின் சித்தூர் வரை சென்று அங்கேயே தங்கின. நெடுங்காலம் யானையே இல்லாதிருந்த அந்நிலத்தில் அவற்றுக்காகக் கௌண்டின்யா சரணாலயம் உருவானது. இங்கே 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் நான்கே மாதத்தில், 2023 மார்ச் 7 அன்று, மாரண்டஹள்ளி அருகே பயிரைக் காக்கச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. தாயை இழந்த இரண்டு குட்டிகள் அந்த இடத்தைவிட்டு நகராமல் நின்றன.

ஊருக்குள் வந்து பிடிபட்ட பிறகு ஓர் ஆணுக்கு மாட்டும் காலர், அது எங்கே தப்பிப் போகிறது என்பதை மட்டுமே சொல்லும். கேழ்வரகு கதிர்விடும் மாதங்களில் கூட்டங்கள் எந்த ஓடையைக் கடந்து எந்த ஊரின் ஓரமாகப் போகின்றன என்பதைத் தருமபுரிக் காடுகளிலேயே வாழும் பெண் யானைகளின் கழுத்திலிருந்துதான் அறிய முடியும். வனத்துறையும் ஆய்வு நிறுவனங்களும் அடுத்த காலரை அங்கே மாட்ட வேண்டும்.