செல்லப்பிராணியுடன் வெளிநாட்டுப் பயணம்

செல்லப்பிராணியுடன் வெளிநாட்டுப் பயணம் என்பது வளர்ப்பு நாய், பூனை ஆகியவற்றை உரிய நலச்சான்றுடன் பிற நாட்டுக்குக் கொண்டுசெல்வதைக் குறிக்கும். திருச்சிராப்பள்ளியில் பன்னாட்டு வானூர்தி நிலையம் இருப்பினும், தமிழகத்தில் நடுவண் அரசின் விலங்குத் தொற்றுத்தடுப்பு நிலையம் சென்னையிலேயே உள்ளது. திருவரங்கத்து நாய்க்கும் ஏற்றுமதி நலச்சான்று வழமையாக அங்கேயே பெறப்படுகிறது.

ஆயத்தத்தில் வரிசை முக்கியமானது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் செல்வதாயின், முதலில் 15 இலக்க எண் கொண்ட மின்சில்லு தோலடியில் பொருத்தப்படும். பின்னரே வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி. சில்லுக்கு முன் போட்ட ஊசி கணக்கில் கொள்ளப்படாது. பலர் இடறுவது இங்கேதான். ஊசிக்குக் குறைந்தது 30 நாட்கள் கழித்துக் குருதி எடுத்து, ஏற்பு பெற்ற ஆய்வகத்தில் எதிர்ப்பொருள் சோதிக்கப்படும். மில்லிலீட்டருக்கு 0.5 பன்னாட்டு அலகேனும் இருத்தல் வேண்டும். குருதி எடுத்த நாளிலிருந்து மேலும் 3 மாதங்கள் காத்திருக்கவேண்டும். ஆஸ்திரேலியாவோ இந்தியாவிலிருந்து நாய், பூனைகளை நேரடியாக ஏற்பதில்லை.