அப்பாவின் ஜனதா வாட்ச்சும் மெரினா நடையும்

"சார், ரொம்ப நாளா ஒண்ணும் எழுதலையே" என்று கேட்டவர்களுக்காக இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மகன் வீடு திருவல்லிக்கேணியில். தினமும் சாயங்காலம் மெரினாவில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை நடக்கிறேன். டாக்டர் வேகமாக நடக்கச் சொன்னார். நான் மெதுவாகத்தான் நடக்கிறேன். கையில் எச்.எம்.டி. ஜனதா. "தாத்தா, எத்தனை அடி நடந்தீங்கன்னு இது சொல்லுமா?" என்று பேரன் கேட்டான். சொல்லாது. மணி மட்டும்தான் சொல்லும், அதுவும் காலையில் சாவி கொடுத்தால்.

இந்தக் கடற்கரைக்கு மெரினா என்று பெயர் வைத்தவர் கவர்னர் கிராண்ட் டஃப். 1884-ல் நடைபாதை போட்டு, இத்தாலியில் சிசிலித் தீவில் பார்த்த கடற்கரையின் நினைவாக அந்தப் பெயரைச் சூட்டினார். அதற்கெல்லாம் முன்பு இவ்வளவு மணல் கிடையாது, கடல் சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வங்கக் கடலின் நீரோட்டம் வருஷத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் மணல் இந்தப் பக்கம் தங்கிவிட்டது. அந்தப் பக்கம் ராயபுரம் கரையைக் கடல் அரித்தது. நமக்குச் சுண்டல் சாப்பிட இடம் கிடைத்தது, அவர்களுக்கு வீடு போயிற்று.

இந்த ஊருக்கு ஒரு காலத்தில் சொந்த மணியே இருந்தது, தெரியுமா? 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் கட்டியது. அங்கே நட்ட கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது, தமிழ் எழுத்தும் அதில் உண்டு. 1802-ல் கோல்டிங்ஹாம் என்பவர், சென்னை நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது என்று கணக்கிட்டார். பிறகு ரயில் வந்தது. கல்கத்தாவுக்கு ஒரு மணி, பம்பாய்க்கு ஒரு மணி என்றால் ரயில் எப்படி ஓடும்? இரண்டுக்கும் நடுவில் இருந்த மெட்ராஸ் நேரத்தையே ரயில்வே வைத்துக்கொண்டது. 1906 ஜனவரி 1 முதல்தான் இப்போதைய ஐந்தரை மணி நேரக் கணக்கு. அன்று சென்னைக் கடிகாரங்களை ஏறக்குறைய 9 நிமிடம் முன்னால் தள்ளினார்கள். பம்பாய்க்காரர்கள் மட்டும் 1955 வரை தங்கள் பழைய நேரத்தை விடவில்லை. பிடிவாதம்!

அப்பா ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன் என்பது உறவுகளுக்குத் தெரியும். 1968-ல் இந்த வாட்ச்சை வாங்கினார். அப்போதெல்லாம் கடையில் போய் நின்றதும் கொடுக்க மாட்டார்கள், காத்திருக்க வேண்டும். பெங்களூரில் 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு எச்.எம்.டி. வாட்ச் செய்யத் தொடங்கியது. முதல் வாட்ச்சுகளை நேரு வெளியிட்டார். அதுவரை வாட்ச் என்றால் சீமைச் சரக்கு. ஒரு பாயின்ட்ஸ்மேன் கையில் 17 ஜுவல்ஸ் வாட்ச் ஏறியது இந்தத் தொழிற்சாலையால்தான்.

1979-ல் அக்காவுக்குக் கல்யாணம். முதல் நாள் ராத்திரி மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "மாப்பிள்ளைக்கு வாட்ச் போடலையா?" என்று கேட்டார். பேச்சில் அது இல்லவே இல்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. தன் கையிலிருந்ததைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, தாம்பாளத்தில் வைத்தார். அந்தப் பெரியவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. எழுதக்கூடாதுதான், எழுதிவிட்டேன்.

அதன்பின் அப்பா ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தே காலம் தள்ளினார். வீட்டில் இருக்கும்போது பழக்கத்தில் வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு அந்த இடத்தைத் தேய்த்துக்கொள்வார். எனக்கு வேலை கிடைத்தபின் ஓசூரில் செய்த டைட்டன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது நம் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த கம்பெனி. "சாவி கொடுக்காத வாட்ச் என்னடா வாட்ச்" என்றார். தீபாவளிக்கு மட்டும் கட்டுவார். ஊரே அப்பாவைப் போல நினைத்திருந்தால் எச்.எம்.டி. பிழைத்திருக்கும். பேட்டரி வாட்ச்சுக்கு முன் அது நிற்க முடியவில்லை. 2016-ல் வாட்ச் பிரிவை மூடிவிட்டார்கள்.

அத்தான் மூன்று வருஷத்துக்கு முன் காலமானார். காரியம் முடிந்த அன்று அக்கா ஒரு கைக்குட்டை முடிச்சைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இது மாமாவோடது, தம்பிகிட்ட கொடுத்துடுன்னு அவர் சொல்லிட்டே இருப்பார்" என்றாள். நாற்பது வருஷத்துக்கு மேல் தினமும் சாவி கொடுத்து வைத்திருந்திருக்கிறார். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அத்தானிடம் ஒருநாளாவது மனம்விட்டுப் பேசியிருக்கலாம். நான் பேசவில்லை.

இப்போது வாட்ச் ஒரு நாளைக்கு நாலைந்து நிமிடம் பின்தங்குகிறது. பக்கத்தில் கேட்டால் பழைய எச்.எம்.டி. பாகம் கிடைக்காது என்கிறார்கள். வேறு மெஷின் மாற்றித் தருகிறேன் என்றார் ஒருவர், எனக்கு மனம் வரவில்லை. உள்ளே இருப்பதை அப்படியே வைத்துச் சரிசெய்கிற பழைய ஆட்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். எந்த ஊராக இருந்தாலும் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.