இசைத்தட்டுக்கு முந்திய பாட்டு



இசைத்தட்டு வந்தபின் பாட்டு விலைகொடுத்து வாங்கும் பொருளாயிற்று. ஆயினும், தட்டில் ஏறுமுன்பே மேடையில் ஒலித்து, கேட்டோரைத் திகைக்கவைத்த பாட்டுகளும் உண்டு. அவற்றுள் ஒன்றின் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்திலே நியூபோர்ட் என்னும் கடற்கரை நகர் உளது. அங்கு நாட்டார் இசைவிழா 1959ஆம் ஆண்டு தொடங்கியது. 1963ஆம் ஆண்டு விழாவிலே, கறுப்பின மக்களின் உரிமைக்காகக் குரல்கொடுத்த பாடகர்களோடு கைகோத்துப் பாடினார் பொப் டிலன் என்னும் இளைஞர். அநீதியைச் சாடும் பாவலர் என அன்பர்கள் அவரைப் போற்றினர்.

மறு ஆண்டு, 1964 யூலை 24ஆம் நாள், அதே விழாவில் அவர் தனியராய் மேடையேறினார். அப்போது அவருக்கு வயது 23. கையில் கிற்றார், வாயருகே ஆர்மோனிக்கா, பக்கவாத்தியம் எதுவுமில்லை. நாட்டு நடப்பைப் பாடும் பாடல்களுக்கென ஒதுக்கிய அரங்கு அது. அங்கேதான் 'மிஸ்டர் டம்பரின் மான்' என்னும் புதுப்பாட்டைப் பாடினார். அவ்வாண்டு மே மாதம் லண்டன் மக்கள் அதனைக் கேட்டிருந்தனர்; யூன் மாதம் ஒலிப்பதிவு செய்ய முயன்று கைவிட்டிருந்தார். தட்டாக அது வெளிவரவில்லை.

அப்பாட்டிலே போருமில்லை, வழக்குமில்லை. உறக்கம் வராத ஒருவன், கஞ்சிராவை ஒத்த கருவியை இசைப்பவனிடம் தன்னையும் உடன் அழைத்துச் செல்லுமாறு வேண்டுகிறான், அவ்வளவே. பொதுத்துயர் பாடவேண்டியவர் தம் அகத்தைப் பாடலாமா? இவ்வினா விழாவோடு ஓயவில்லை. அவ்வாண்டு நவம்பரில் 'சிங் அவுட்' சஞ்சிகையின் ஆசிரியர் எர்வின் சில்பர், டிலனின் புதுப்பாடல்கள் உள்முகமாகிவிட்டன எனப் பகிரங்கக் கடிதம் வரைந்தார்.

டிலன் தம் வழியை மாற்றினாரில்லை. 1965 ஜனவரி 15ஆம் நாள் பாட்டைப் பதிவுசெய்தார். மார்ச்சில் தட்டு வெளிவந்தது. பேர்ட்ஸ் என்னும் குழுவினர் அதனை மின்கிற்றாரோடு பாடிய தட்டு, யூன் மாதம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. நாட்டார் பாட்டும் றொக் இசையும் கலந்த புதுநெறி அதனாற் பரவிற்று. யூலையிலே டிலனும் மின்கிற்றாரோடு நியூபோர்ட் மேடையேறினார், கூச்சலும் எழுந்தது. 2016இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சில்பர் எழுப்பிய வினாவை எள்ளி நகையாடல் தகாது. உரிமைப் போர் நடக்கும் நாட்டிலே, ஒரு குரலை இழப்போமோ என்னும் அச்சத்தில் எழுந்த வினா அது. எனினும், நேற்றைய பாட்டையே இன்றும் பாடுக எனப் பாவலனைப் பணித்தல் எளிது; நாளைய பாட்டைப் பொறுமையோடு கேட்டலே அரிது. அந்தப் பொறுமை நம் செவிகளுக்கும் வேண்டுவதன்றோ?