ஹேக் மாநாடும் பெண்களின் சமாதானக் குரலும்

முதலாம் உலகப் போர் மூண்டு ஒன்பது மாதங்கள் கழிந்த நிலையில், 1915 ஏப்ரல் 28ஆம் திகதி ஒல்லாந்தின் ஹேக் நகரிற் பெண்களின் சர்வதேச மாநாடு கூடியது. போரிடும் நாடுகளும் நடுநிலை நாடுகளுமாக 12 நாடுகளினின்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் பங்குபற்றினர். அமெரிக்கரான ஜேன் அடம்ஸ் தலைமை வகித்தார். அவர்களுட் பெரும்பாலோர் வாக்குரிமையற்றவர்கள். போரைத் தீர்மானிப்பதிற் பங்கில்லாதோரும் அதன் இழப்பைச் சுமக்க நேர்ந்தமையால், சமாதானத்தையும் பெண் வாக்குரிமையையும் அவர்கள் ஒருங்கே வேண்டினர். மாநாட்டின் தூதுக்குழுக்கள் ஐரோப்பியத் தலைநகரங்கள் பலவற்றுக்குஞ் சென்று ஆட்சியாளரைச் சந்தித்தன, போர் நிற்கவில்லை.

ஆயினும் அம்முயற்சியைத் தோல்வியெனத் தள்ளுதல் பொருந்தாது. 1919இல் சூரிச்சில் மீண்டுங் கூடிய அப்பெண்கள், வேர்செயில்ஸ் உடன்படிக்கையின் நிபந்தனைகள் வருங்காலப் போர்களுக்கே வித்திடுமென எச்சரித்தனர். அவ்வுடன்படிக்கையை வகுப்பதில் அவர்களுக்கு இடமளிக்கப்படவில்லை. அவர்கள் கண்ட உண்மையை அரசறிஞர் காணத் தவறியமை 1939இற் புலனாயிற்று.