ரி.வி. கேம் பெட்டியும் கைவிடப்பட்ட கசெற்றுகளும்

லிங்கநகரில் உறவினர் ஒருவரின் வீட்டைப் பெயின்ற் பூசுவதற்காக ஒதுக்கியபோது, அலுமாரியின் மேற்தட்டிலிருந்து பழைய அட்டைப் பெட்டியொன்று இறக்கப்பட்டது. உள்ளே மஞ்சள் படிந்த ஒரு ரி.வி. கேம் கருவி, இரண்டு கைப்பிடிகள், ஒரு பிளாஸ்ரிக் துப்பாக்கி, '99,99,999 விளையாட்டுகள்' என்று மேலே அச்சிட்ட ஒரு கசெற். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. நாற்பதைத் தாண்டிய பெரியவர்களோ வேலையை நிறுத்திவிட்டு அதைச் சுற்றி அமர்ந்துவிட்டார்கள்.

பழைய காணொளி விளையாட்டுகளை மீண்டும் விளையாடி மதிப்பீடு செய்வது இன்று உலகெங்கும் ஒரு தனித் துறையாகவே வளர்ந்துள்ளது. ஆயினும் அம்மதிப்பீடுகளில் பெரும்பாலானவை அமெரிக்க, ஜப்பானியப் பிள்ளைகள் விளையாடிய அசல் கருவிகளையே கருத்திற் கொள்கின்றன. எமது பிள்ளைகள் விளையாடியது வேறொன்று. அதைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு.

அந்தக் கருவியின் மூலம் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 ஆம் திகதி வெளியிட்ட 'ஃபமிகொம்' ஆகும். மசயுகி உவேமுரா என்ற பொறியியலாளரின் தலைமையில் உருவான அது, வெறும் 2 கிலோபைட் பணி நினைவகத்துடன் இயங்கியது. 1985 இல் உருவம் மாற்றப்பட்டு அமெரிக்காவுக்குச் சென்றது. இரு வடிவங்களும் சேர்ந்து உலகெங்கும் 6 கோடியே 19 இலட்சம் விற்பனையாகின. எனினும் அசல் ஜப்பானியக் கருவியை வாங்கிவந்து இங்கே செருகினாலும் பயனில்லை. அது 100 வோல்ற் மின்சாரத்துக்கும் ஜப்பானியத் தொலைக்காட்சி முறைக்கும் உரியது. எமது மின்சாரம் 230 வோல்ற். 1979 இல் இங்கு தொடங்கிய தொலைக்காட்சியோ 'பால்' முறையைத் தழுவியது.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் தாய்வானியர். அமெரிக்காவுக்கு அனுப்பிய கருவியில் போலிக் கசெற்றுகளைத் தடுக்க ஒரு பூட்டுச் சில்லை நிண்டெண்டோ வைத்தது. ஜப்பானியக் கருவியில் அது இல்லை. ஆகவே அதன் சில்லுகளைப் பிரதி செய்து, ஆசிய நாடுகளின் மின்சாரத்துக்கும் தொலைக்காட்சிக்கும் ஏற்பக் கருவிகளை மலிவாகச் செய்து குவிப்பது அவர்களுக்கு எளிதாயிற்று. 'மைக்ரோ ஜீனியஸ்' என்பது அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று. 1992 இல் ரஷ்யாவில் 'டெண்டி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்து ஒரு தலைமுறையையே ஆட்கொண்டதும் இதே வகைக் கருவிதான். பிற்காலப் பிரதிகளைத் திறந்து பார்த்தால் உள்ளே சில்லுகள்கூட வரிசையாக இரா. பலகையின் நடுவே ஒரு கரும் பசைத்துளி மட்டும் இருக்கும். முழுக் கருவியும் அந்தத் துளிக்குள் அடக்கம்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் திருகோணமலை நகரிலும் இக்கருவி வந்த வழியை வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் கட்டாரிலிருந்தும் விடுமுறையில் வந்தவர்களின் பெட்டிகளில் சேலைத்துணி, வாசனைத் திரவியம், டாங் தூள் ஆகியவற்றுடன் இதுவும் வந்தது. பெருநாளுக்கு ஒரு வீட்டில், தீபாவளிக்கு இன்னொரு வீட்டில் என்று கசெற்றுகள் கைமாறின. விளையாடுவதற்கு மொழி தேவைப்படவில்லை என்பது இங்கே சிறிய விடயமன்று.

இந்தப் பிரதிகளைப் பற்றிய ஒரு நுட்பமான உண்மை பலருக்குத் தெரியாது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. 'பால்' முறையில் 50 தடவை. விளையாட்டுகளின் ஓட்டமோ அந்தப் புதுப்பித்தலைக் கணக்கிட்டே எழுதப்பட்டது. ஆகவே 'பால்' முறைக்கென அமைந்த பிரதிகளில் ஆட்டமும் இசையும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே நகர்ந்தன. நாம் அறிந்த மரியோ, ஜப்பானியப் பிள்ளை அறிந்த மரியோவை விட நிதானமானவர். இன்று இணையத்தில் அசல் வேகத்தைக் கேட்கும் எம்மவர் சிலருக்கு அது தவறான வேகம் போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

எவை சிறந்த விளையாட்டுகள் என்பதிலும் எமது கணக்கு வேறு. நம்கோ நிறுவனத்தின் 'பற்றில் சிற்றி' 1985 இல் ஃபமிகொம் கருவிக்கென ஜப்பானில் வெளியானது. அக்காலத்தில் அது அமெரிக்காவில் வெளியாகவே இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் எழுதப்படும் 'தலைசிறந்த நூறு' பட்டியல்களில் அதைக் காண்பது அரிது. இங்கோ 'டாங்கி கேம்' என்றால் அறியாதவர் இல்லை. மீண்டும் விளையாடிப் பார்க்கையில், அந்தக் கசெற்றிலுள்ள அனைத்திலும் காலத்தை வென்று நிற்பது இதுவே என்பது எனது கருத்து. 35 கட்டங்கள், கட்டமொன்றுக்கு 20 எதிரித் தாங்கிகள், செங்கல், இரும்பு, நீர், காடு, பனி என ஐந்தே வகை நிலம். இருவர் சேர்ந்து ஆடும்போது நண்பனின் குண்டு பட்டால் நமது தாங்கி சிறிது நேரம் உறைந்து நிற்கும். அவசரத்தில் தாமே சுட்டுத் தமது கழுகுச் சின்னத்தை அழித்துக்கொண்டு தோற்றவர்களும் ஏராளம். இந்த இரண்டு விதிகளால் எழுந்த சண்டைகள் எத்தனை உறவுகளை ஒரு பிற்பகலுக்கு முறித்திருக்கும்! போர்க்களத்தை நாமே வரைந்து ஆடும் வசதியும் அதில் இருந்தது.

'சுப்பர் மரியோ' (1985) பற்றி உலகமே எழுதிவிட்டது. ஷிகெரு மியமோட்டோவும் குழுவினரும் அதன் 32 கட்டங்களையும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கினர். கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதைவிடப் பல மடங்கு பெரியது. வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவம், நிறம் மட்டுமே வேறு என்பதைச் சிறு வயதில் எவரும் கவனிப்பதில்லை. அதன் முதல் திரையோ, ஒரு சொல்லும் சொல்லாமல் குதிக்கக் கற்றுக்கொடுக்கும் பாடம். மாறாக, நாம் கொண்டாடிய 'கொன்ட்ரா' இன்று சற்று ஏமாற்றமளிக்கிறது. எட்டே கட்டங்கள், வழி பழகியவருக்கு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 30 உயிர்கள் தரும் இரகசிய விசைவரிசையே அதன் பெரும் கவர்ச்சியாக இருந்தது போலும். கசெற்றின் 99,99,999 கணக்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு சில விளையாட்டுகளே தொடக்கக் கட்டத்தை மட்டும் மாற்றிக்கொண்டு மீண்டும் மீண்டும் வரும்.

தாங்கியும் துப்பாக்கியும் திரையில் ஓடிய அந்த ஆண்டுகளில், துறைமுகத்தில் உண்மையான போர்க்கலங்கள் நின்றன. ஊரடங்கு நாள்களில் பிள்ளைகளை வீட்டுக்குள் இருத்தி வைக்கத் தாய்மாருக்கு இக்கருவி உதவியது. சத்தத்தைக் குறைத்து விளையாடச் சொன்னதன் காரணத்தை அப்போது நாம் கேட்கவில்லை.

அரபுலகிலும் இதற்கு இணையான ஒரு கதை உண்டு. ஆனால் அங்கே பிரதி செய்வதோடு நின்றுவிடவில்லை. குவைத்தில் முஹம்மத் அல்-ஷாரிக் 1982 இல் தொடங்கிய நிறுவனம் 'சக்ர்' என்ற பெயரில் அரபு எழுத்துடன் கூடிய கணினிகளை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. பாடமும் விளையாட்டும் அதில் சொந்த மொழியிலேயே வந்தன. எமக்கு அப்படியொன்று வாய்க்கவில்லை.

முஸ்லிம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு செய்தி: நிண்டெண்டோ 64 கருவிக்கு 1998 இல் வெளியான 'செல்டா: ஒக்கரினா ஒஃப் ரைம்' விளையாட்டின் தொடக்கப் பிரதிகளில், தீக் கோயில் என்ற பகுதியின் பின்னணி இசையில் இஸ்லாமிய ஓதல் ஒலித்தது. விற்பனைக்கு இருந்த ஒலித்தொகுப்பு ஒன்றிலிருந்து அது எடுக்கப்பட்டிருந்தது. சமயம் சார்ந்தவற்றைத் தவிர்ப்பது நிறுவனத்தின் கொள்கை என்பதால் பின்னைய பதிப்பில் நீக்கப்பட்டது. பிறையும் நட்சத்திரமும் கொண்ட சின்னமும் பின்னைய மறுவெளியீடுகளில் மாற்றப்பட்டது. நீக்கியது சரியே. ஆயினும் ஒரே விளையாட்டுக்கு இத்தனை பதிப்புகள் இருக்கையில், எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதுகிறோம் என்று சொல்லாத மதிப்பீடு அரைகுறையானது.

பாதுகாப்பு விடயத்தில் செல்வந்த நாடுகளின் நிலையே கவலைக்குரியது. 2010 க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதமானவை இன்று சட்டபூர்வமாக வாங்கக் கிடைப்பதில்லை என 2023 இல் காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை கண்டறிந்தது. நூலகங்கள் அவற்றைத் தொலைவிலிருந்து பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 இல் நிராகரித்தது. இலங்கையிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளைப் பாதுகாக்கிறது. 1983 இன் கருவி மீதான காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டாலும், விளையாட்டுகள் மீதான பதிப்புரிமை நீடிக்கிறது. எனவே பிரதிக் கசெற்றை நூலகமோ அரும்பொருட்காட்சியகமோ ஏற்கத் தயங்கும். அசலைச் சேமிக்க ஜப்பான் இருக்கிறது. எமது வீடுகளுக்கு வந்த மெதுவான மரியோவைச் சேமிக்க எவரும் இல்லை.

வீட்டில் இத்தகைய கருவி இருப்போர் கவனிக்க வேண்டியவை சில. கசெற்றின் அடியில் ஊதுவது தவறு. வாயின் ஈரம் செப்பு முனைகளை அரிக்கும், கடற்காற்றுள்ள ஊரில் அது இன்னும் விரைவாக நடக்கும். ஐசோபுரோப்பைல் அற்ககோல் தோய்த்த பஞ்சினால் துடைத்து உலரவிட்டாலே பெரும்பாலானவை உயிர்பெறும். பழைய குழாய்த் தொலைக்காட்சியை இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிட வேண்டாம். வாத்துச் சுடும் விளையாட்டில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெண்கட்டம் தோன்றும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த ஒளியைக் கண்டால் வாத்து விழும். தட்டைத் திரைகள் படத்தைச் சற்றே தாமதித்துக் காட்டுவதால் அவற்றில் இது நடவாது.

லிங்கநகர்க் கருவியையும் அவ்வாறே துடைத்துச் செருகினோம். தாங்கிகள் ஓடின, பிள்ளைகள் இருவர் ஏழாம் கட்டம் வரை சென்று, ஒருவரையொருவர் சுட்டு உறையவைத்துச் சண்டையிட்டார்கள். வீட்டிலிருப்பது தட்டைத் தொலைக்காட்சி என்பதால் துப்பாக்கிக்கு மட்டும் ஒரு வாத்தும் விழவில்லை.